டெர்மினலில் போகும், ஐகனில் போகாது: வெள்ளவத்தை வாசிகசாலையின் புரொக்ஸிக் கதை

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒரு மேல்மாடி வாசிகசாலை இருக்கிறது. முன்னறையில் பத்திரிகைகள், பின்னறையில் பன்னிரண்டு கணினிகள். கரையோர ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். உப்புக் காற்றில் யூஎஸ்பி துளைகள் துருப்பிடித்துப் போகும். பின்னேரங்களில் சாதாரண தரம், உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் வந்து கடந்தகால வினாத்தாள்களை இறக்கிப் படிப்பார்கள். இடத்தைப் பார்த்துக்கொள்பவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். ஊரே அவரைச் சேர் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான்.

ஒரு நாள் காலையில் சேர் போன் எடுத்தார். “தம்பி, இருபதாம் திகதிக்கு முதலே டேட்டா முடிஞ்சு போகுது. நீங்கள் புரொக்ஸி போட்டுத் தந்தனீங்கள்தானே?”

போட்டுக் கொடுத்தது உண்மைதான். புரொக்ஸி என்பது கணினிகளுக்கும் இணையத்துக்கும் நடுவே நின்று, அவை கேட்பதை வாங்கிக் கொடுக்கும் நிரல். வாசிகசாலை எடுத்திருந்த இணைப்பு மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று அளந்து தருவது. அதில் ஒரு பங்கை நள்ளிரவுக்குப் பிறகுதான் பாவிக்கலாம். பகல் பங்கைச் சிக்கனமாகப் பாவிக்கவேண்டும், மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை வீடியோ ஓடக்கூடாது, எந்தக் கணினி எவ்வளவு இழுக்கிறது என்று தெரியவேண்டும். சேர் கேட்டது இவ்வளவுதான். மூலையில் கிடந்த பழைய டெஸ்க்டொப் கணினி ஒன்றில் ஸ்குவிட் என்ற புரொக்ஸி நிரலைப் போட்டு, அதற்கு 192.168.8.5 என்று நிலையான முகவரி கொடுத்து, ஸ்குவிட்டின் வழக்கமான 3128 போர்ட்டிலேயே ஓடவிட்டேன். நேரக் கட்டுப்பாட்டுக்கு நாலு வரி. அன்று பின்னேரம் சோதித்துப் பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. சேர் பிளேன்ரீ தந்தார், குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பிழை அந்தச் சோதனையில்தான் இருந்தது.

பதிவுக் கோப்பு சொன்னது

திரும்பப் போனதும் கணினிகளைத் தொடவில்லை. முதலில் ஸ்குவிட்டின் பதிவுக் கோப்பைத் திறந்தேன். பிரவுசருக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பது பிரவுசரின் நோக்கம். உண்மையில் எதைக் கேட்டு வந்தது என்பதற்குப் புரொக்ஸியின் பதிவுதான் சாட்சி. முகவரி வாரியாக வரிகளை எண்ணினேன். நாலு கணினிகளிலிருந்து ஆயிரக்கணக்கில் வரிகள். மிச்ச எட்டில் ஐந்து ஆளுக்குக் கொஞ்சம், மூன்று வெறுமை.

அந்த நாலும் யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த புதிய பெட்டிகள், க்னோம் டெஸ்க்டொப்போடு வரும் உபுண்டு என்ற லினக்ஸ் போட்டவை. டெஸ்க்டொப் என்று இங்கே சொல்வது மெனு, ஐகன் எல்லாம் காட்டும் திரைச்சூழலை. மிச்ச எட்டும் நினைவகம் குறைந்த பழையவை என்பதால் எக்ஸ்எஃப்சிஈ டெஸ்க்டொப் உள்ள சுபுண்டு போட்டிருந்தேன். பிள்ளைகளின் கண்ணுக்கு இரண்டும் லினக்ஸ், இரண்டிலும் அதே குரோம், அதே பயர்பொக்ஸ். புரொக்ஸி விஷயத்தில் மட்டும் அவை இரண்டு வெவ்வேறு ஊர்கள்.

புரொக்ஸி முகவரியை எங்கே எழுதுவது என்று கேட்டால் லினக்ஸில் ஒற்றைப் பதில் கிடையாது. ஒவ்வொரு நிரலும் தனக்குப் பழக்கமான இடத்தில் போய்ப் பார்க்கும். குரோம் தொடங்கும்போதே, எந்த டெஸ்க்டொப்பில் ஓடுகிறோம் என்று பார்த்துக்கொள்ளும். க்னோம் என்றால் க்னோமின் அமைப்புக் களஞ்சியத்தில் எழுதியதை எடுக்கும், கேடிஈ என்ற இன்னொரு டெஸ்க்டொப் என்றால் அதன் கோப்பை எடுக்கும். எக்ஸ்எஃப்சிஈயில் அப்படிப் பொதுவான புரொக்ஸிப் பக்கமே இல்லை. அங்கே குரோம் சூழல் மாறிகளைத்தான், அதாவது ஒரு நிரலைத் தொடக்கும்போது கூடவே கையளிக்கப்படும் பெயரும் மதிப்புமான குறிப்புகளைத்தான் பார்க்கும். குரோமின் அமைப்புகளில் புரொக்ஸிக்கான பொத்தானை அழுத்தினால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். க்னோமில் கணினியின் நெட்வேர்க் பக்கம் திறக்கும். எக்ஸ்எஃப்சிஈயில், உங்கள் டெஸ்க்டொப்புக்கு இந்த வசதி இல்லை, கட்டளை வரியிலோ சூழல் மாறியிலோ கொடுங்கள் என்று ஒரு வெறும் பக்கம் வரும். அதைக் கண்டு குரோம் பழுதாகிவிட்டது என்று நினைப்பவர்களும் உண்டு. அது பழுதில்லை, வழி காட்டுகிறது.

பயர்பொக்ஸ் வேறு குணம். அதற்குச் சொந்தமாகப் புரொக்ஸிப் பெட்டி உண்டு. கணினியின் அமைப்பைப் பின்பற்று, நானே எழுதுகிறேன், தானியங்கி முகவரி, புரொக்ஸியே வேண்டாம் என்று அதில் தெரிவு செய்யலாம். எட்டுக் கணினியிலும் அந்தப் பெட்டியில் கையால் எழுதிவிட்டிருந்தேன். பதிவில் கொஞ்சம் வரிகளாவது இருந்ததற்கு அதுதான் காரணம். வெறுமையாக இருந்த மூன்றில் யாரோ ‘புரொக்ஸி வேண்டாம்’ என்று மாற்றி வைத்திருந்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். மூன்று மணிக்குப் பிறகு வீடியோ ஓடவில்லை என்றால் தேடிப் பார்க்கத்தானே செய்வார்கள். பூட்டாமல் விட்டது என் பிழை.

ஏன் சோதனையில் மட்டும் போனது

எட்டுக் கணினியிலும் குரோமுக்காகப் புரொக்ஸி மாறிகளை மாணவர் கணக்கின் பாஷ்ஆர்சி கோப்பில் எழுதியிருந்தேன். பிறகு கட்டளைகள் தட்டும் டெர்மினல் சன்னலைத் திறந்து, அதிலேயே குரோம் கட்டளையைத் தட்டி, ஒரு பக்கத்தைத் திறந்து, ஸ்குவிட் பதிவில் வரி விழுவதைப் பார்த்து, சரி என்று எழுந்துவிட்டேன். அன்று நான் பார்த்த வரி பொய்யில்லை. டெர்மினலிலிருந்து தொடங்கிய குரோம் புரொக்ஸி வழியாகத்தான் போனது.

ஆனால் எந்தப் பிள்ளை டெர்மினலைத் திறந்து குரோமைத் தொடங்கும்? மெனுவில் உள்ள ஐகனைத்தான் அழுத்துவார்கள். பாஷ்ஆர்சி என்பது டெர்மினல் சன்னல் திறக்கும்போது, அங்கே கட்டளைகளை வாங்கும் பாஷ் என்ற நிரல் படிக்கும் கோப்பு. ஐகனை அழுத்தும்போது குரோமைத் தொடக்கிவிடுவது டெஸ்க்டொப். அது பாஷ்ஆர்சியைக் கண்ணாலும் பார்ப்பதில்லை. ஒரே கணினி, ஒரே கணக்கு, ஒரே குரோம். தொடக்கிவிட்டவர் யார் என்பதைப் பொறுத்து ஒன்று புரொக்ஸி வழியாகவும் மற்றது நேராகவும் போனது.

இதற்குள் இன்னொரு பொறியும் இருக்கிறது. குரோம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், டெர்மினலில் இரண்டாவது முறை தட்டினாலும் புதிதாக ஒன்று தொடங்காது. ஓடிக்கொண்டிருப்பதிடம் ‘ஒரு சன்னல் திற’ என்று சொல்லிவிட்டு ஒதுங்கிவிடும். நாம் கொடுத்த மாறியும் போச்சு, கட்டளையோடு சேர்த்துக் கொடுத்த புரொக்ஸிக் குறிப்பும் போச்சு. எல்லாச் சன்னல்களையும் மூடினாலும் பின்னணியில் குரோம் உயிரோடு இருக்கலாம். அதைக் கொன்றுவிட்டுச் சோதிக்காத சோதனை சோதனையே இல்லை. இது எனக்குப் பழைய பாடம், இருந்தும் இரண்டாம் நாள் அரை மணித்தியாலத்தை இதிலேயே தொலைத்தேன்.

ஒரு எஸ் எழுத்து

சரி, மாறிகளை எல்லாருக்கும் பொதுவான இடத்துக்குக் கொண்டுபோவோம் என்று ஈடிசி அடைவில் உள்ள என்விரன்மென்ட் கோப்பில் எழுதினேன். கணக்குக்குள் நுழையும்போதே அது படிக்கப்படும், ஆகவே ஐகனிலிருந்து தொடங்குவதற்கும் போய்ச் சேரும். மாற்றிய பிறகு கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி நுழையவேண்டும். சன்னலை மூடித் திறந்தால் போதாது.

வெளியேறி நுழைந்தேன். பூட்டில்லாத பழைய எச்டிடிபி பக்கம் ஒன்று திறந்தது. மறைகுறியால் பூட்டிய எச்டிடிபிஎஸ் பக்கம் ஒன்றுமே திறக்கவில்லை. புரொக்ஸியோடு இணைய முடியவில்லை என்றது குரோம். ஸ்குவிட் பதிவில் விசித்திரமான வரிகள்: 400 என்ற எண், பிழையான கோரிக்கை என்ற குறிப்பு, தளத்தின் பெயரே இல்லை.

பெயர் இல்லாததுதான் துப்பு. எச்டிடிபிஎஸ் தளத்துக்குப் போகும் பிரவுசர், முதலில் புரொக்ஸியிடம் வெறும் எழுத்தில் ‘கனெக்ட், இந்தத் தளம், 443’ என்று கேட்கும். புரொக்ஸி ஒரு குழாய் போட்டுக் கொடுக்கும், பூட்டுச் சாவி விஷயமெல்லாம் அந்தக் குழாய்க்குள் நடக்கும். ஆகவே பதிவில் தளத்தின் பெயராவது இருக்கவேண்டும். பெயர் இல்லை என்றால் பிரவுசர் கனெக்ட் சொல்லவே இல்லை. புரொக்ஸியோடேயே பூட்டிய மொழியில் பேசத் தொடங்கியிருக்கிறது. கோப்பைப் பார்த்தேன். எச்டிடிபிஎஸ் போக்குவரத்துக்கான மாறியின் மதிப்பை எச்டிடிபிஎஸ் என்றே தொடங்கி எழுதியிருக்கிறேன். கை பழக்கத்தில் தட்டியது.

மாறியின் பெயரில் இருக்கும் எஸ், எந்தப் போக்குவரத்துக்கு என்று சொல்கிறது. மதிப்பில் இருக்கும் எஸ், புரொக்ஸியோடு எந்த மொழியில் பேசுவது என்று சொல்கிறது. இரண்டும் வேறு. சாதாரண ஸ்குவிட்டுக்கு மதிப்பு எச்டிடிபி என்றுதான் தொடங்கவேண்டும், மாறியின் பெயரில் எஸ் இருந்தாலும். பயர்பொக்ஸின் பெட்டியில் உள்ள எச்டிடிபிஎஸ் புரொக்ஸி என்ற கட்டமும் இதே மாதிரி ஆளைக் குழப்பும். அதன் அருகே, இதே புரொக்ஸியை எச்டிடிபிஎஸ்ஸுக்கும் பாவி என்று ஒரு சரிக்குறிப் பெட்டி இருக்கிறது, அதை அழுத்திவிட்டால் தலைவலி இல்லை.

கதவைப் பூட்டியும் யூடியூப் ஓடியது

ஒரு எழுத்தை அழித்ததும் எட்டும் பதிவில் வரத் தொடங்கின. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. நேராகப் போகும் வழியை ரவுட்டரில் அடைத்துவிட்டால், புரொக்ஸி அமைக்காதது எது என்று தானாகத் தெரிந்துவிடும். 192.168.8.5 தவிர வேறு எந்த முகவரியும் வெளியே 80, 443 போர்ட்டுகளுக்குப் போகக்கூடாது என்று விதி எழுதினேன்.

அன்று பின்னேரம் நாலு மணி. ஏழாவது கணினியில் ஒரு பிள்ளை காதில் ஹெட்செட்டோடு பாடம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கிட்டப் போய்ப் பார்த்தால் யூடியூப். வேறு தளம் ஒன்றைத் திறந்து காட்டச் சொன்னேன். சுற்றிச் சுற்றி நின்றுவிட்டது. யூடியூப்பும் கூகிளும் மட்டும் ஜோராக ஓடுகின்றன.

“அங்கிள், இதுவும் நிக்கப்போகுதா? பாதிதான் பார்த்தனான்,” என்றாள். பார்த்து முடிக்க விட்டேன், எனக்கும் யோசிக்க நேரம் வேண்டியிருந்தது.

காரணம் குவிக். பழைய வலைப் போக்குவரத்து டிசிபி என்ற கடத்தும் முறையின் மேல் போகும். எச்டிடிபியின் மூன்றாம் பதிப்பு, 2021இல் தரமாக வெளிவந்த குவிக் என்ற நெறிமுறையில், யூடிபி என்ற வேறு முறையின் மேல் போகும். போர்ட் எண் அதே 443. நான் அடைத்தது டிசிபியை மட்டும். கூகிளின் தளங்கள் குவிக்கை நன்றாகவே பேசும், எந்தத் தளம் பேசும் என்பதைக் குரோம் நினைவிலும் வைத்திருக்கும். அந்த ஏழாவது கணினி காலையிலிருந்து வெளியேறாமலேயே இருந்திருக்கிறது. அதில் இன்னும் பழைய சூழல்தான், புரொக்ஸி இல்லை. ஆகவே திறந்திருந்த யூடிபி வழியால் போய்க்கொண்டிருந்தது. புரொக்ஸி சரியாக அமைந்த குரோம் கனெக்ட் குழாய்க்குள் போவதால் குவிக்கை நாடாது. ரவுட்டரில் யூடிபி 443ஐயும் அடைத்தேன், ஏழாவதில் வெளியேறி நுழைந்தேன், முடிந்தது.

அடுத்த நாள், உபுண்டுவின் பொதிகளை இறக்கி நிறுவும் ஆப்ட் என்ற கருவியின் புதுப்பிப்பு நின்றுவிட்டது. இது எதிர்பார்த்ததுதான். நிர்வாகி உரிமை தரும் சூடோவைப் போட்டு ஓடும் கட்டளை பயனரின் சூழல் மாறிகளை வழக்கமாகக் கழற்றிவிடும். ஆப்டுக்குரிய கோப்பில் தனியாக ஒரு வரி எழுதினேன்.

நூலகம் எங்கே போனது

புரொக்ஸி எட்டிலும் வேலை செய்யத் தொடங்கியதும் வேறொன்று நின்றது. அதே பழைய டெஸ்க்டொப் கணினியில், இணையம் இல்லாமலே வலைத்தளப் பிரதிகளைப் படிக்கவிடும் கிவிக்ஸ் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியாவின் பிரதி ஒன்றையும் வினாத்தாள் சேகரிப்பையும் வைத்திருந்தோம். பிள்ளைகள் ‘நூலகம்’ என்ற பெயருக்குப் பின் புள்ளி லோக்கல் என்று தட்டினால் வரும், டேட்டா செலவில்லை. இப்போது அதைத் தட்டினால் ஸ்குவிட்டின் பிழைப் பக்கம் வந்தது: இந்தப் பெயருக்கு ஐபி முகவரி கண்டுபிடிக்க முடியவில்லை.

நேராகப் போகும்போது பெயரைத் தேடுவது பிரவுசர் இருக்கும் கணினி. லோக்கல் என்று முடியும் பெயர்களை அது அறைக்குள்ளேயே கூப்பிட்டுக் கேட்டு அறிந்துகொள்ளும். புரொக்ஸி வழியாகப் போகும்போது பெயரைத் தேடும் வேலையும் புரொக்ஸியின் தலையில். ஸ்குவிட் தன் சொந்தத் தேடலை, பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் சேர்வரிடம் செய்யும்; அறைக்குள் கூப்பிட்டுக் கேட்கும் முறை அதில் இயல்பாக அணைந்திருக்கும். தன்னிடமே இருக்கும் நூலகத்தை அது ஊரெல்லாம் தேடிவிட்டுக் கையை விரித்தது.

புரொக்ஸியைத் தவிர்த்து நேராகப் போகவேண்டியவற்றின் விலக்குப் பட்டியலில் லோக்கல் பெயர்களையும் 192.168.8 வரிசை முகவரிகளையும் சேர்த்தேன். இதிலும் ஆளுக்கொரு பாஷை. நட்சத்திரம், புள்ளி, லோக்கல் என்று எழுதினால் குரோமுக்கு விளங்கும், கட்டளை வரியில் பக்கங்களை இறக்கும் கேர்லுக்கு விளங்காது. நட்சத்திரம் இல்லாமல் புள்ளியில் தொடங்கினால் இரண்டுக்கும் விளங்கும், பயர்பொக்ஸுக்கும்தான். அதனால் புள்ளியோடு நிறுத்திக்கொண்டேன்.

சேர் நினைத்த சேமிப்பும் கிடைத்த சேமிப்பும்

சேருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. ஒரு பிள்ளை பார்த்த பாடத்தை அடுத்த பிள்ளை பார்க்கும்போது புரொக்ஸி தன்னிடம் வைத்திருப்பதைக் கொடுத்துவிடும், டேட்டா மிச்சம் என்று. வலை பெரும்பாலும் எச்டிடிபியாக இருந்த காலத்தில் அது உண்மை. இப்போது ஸ்குவிட் போடும் குழாய்க்குள் என்ன போகிறது என்பது ஸ்குவிட்டுக்கே தெரியாது. தெரியாததை எப்படிச் சேமிப்பது? குழாயை உடைத்துப் பார்க்கவும் முடியும், ஒவ்வொரு பிரவுசரிலும் நம்முடைய சான்றிதழை ஏற்றினால். பிள்ளைகள் கடவுச்சொல் தட்டும் இடத்தில் அந்த வேலை வேண்டாம் என்று மறுத்துவிட்டேன். சேர் ஒரு கணம் யோசித்துவிட்டு, “ஓம், அது கடிதத்தை உடைச்சு வாசிக்கிற வேலை,” என்றார்.

பதிவை இரண்டு வாரம் பார்த்ததில் எதிர்பாராத ஒன்று அகப்பட்டது. வீடியோவுக்கு அடுத்தபடியாகப் பகல் டேட்டாவைத் தின்றது பிள்ளைகள் இல்லை, உபுண்டுவின் புதுப்பிப்புகள். பன்னிரண்டும் ஒரே பொதிகளைப் பன்னிரண்டு முறை இறக்கியிருக்கின்றன. இங்கே ஸ்குவிட் கைகொடுத்தது. உபுண்டுவின் களஞ்சியம் வழக்கமாக எச்டிடிபியில்தான் வருகிறது, பொதிகளின் நம்பகத்தைக் கையொப்பம் பார்த்துக்கொள்கிறது. ஆனால் ஸ்குவிட் இயல்பாக 4 எம்பிக்கு மேற்பட்ட எதையும் சேமிக்காது; அதோடு வட்டில் சேமிக்கும்படி சொல்லாவிட்டால் நினைவகத்தில் மட்டும்தான் வைத்திருக்கும். இரண்டையும் மாற்றினேன். முதல் கணினி இறக்கியதை மற்றப் பதினொன்றும் அறைக்குள்ளேயே எடுத்துக்கொண்டன. எச்டிடிபிஎஸ்ஸில் வரும் ஸ்னாப் என்ற வேறு வகைப் பொதிகளுக்கு இது பலிக்காது. அவற்றின் நேரத்தை நள்ளிரவுக்குப் பின் தள்ளிவிட்டு, ஒரு கணினியை மட்டும் மாறிமாறி இரவில் போட்டுவிடச் சொன்னேன்.

பதிவைப் படிப்பவர்களுக்கு ஒரு சொல்: கனெக்ட் வரி, குழாய் மூடும்போதுதான் எழுதப்படும். இரண்டு மணித்தியாலம் ஓடும் வீடியோ ஓடி முடியும்வரை பதிவில் தெரியாது. முதல் நாள் இதைக் கவனிக்காமல், இன்று ஒருவரும் வீடியோ பார்க்கவில்லை என்று சேரிடம் பெருமையாகச் சொல்லி மாட்டிக்கொண்டேன்.

பூட்டு

சூழல் மாறி, கையால் எழுதிய பெட்டி எல்லாம் போதும் என்று கடைசியில் கொள்கைக் கோப்புக்கு, அதாவது நிர்வாகி எழுதிவைத்துப் பிரவுசரைக் கட்டுப்படுத்தும் கோப்புக்கு மாறினேன். பயர்பொக்ஸுக்கு ஈடிசி அடைவில் பயர்பொக்ஸ், அதற்குள் பாலிசீஸ் என்ற அடைவில் ஒரு ஜேசன் கோப்பு: புரொக்ஸி முகவரி, எல்லாவற்றுக்கும் அதே புரொக்ஸி, விலக்குப் பட்டியல், பூட்டு. குரோமுக்கும் அதே மாதிரி அதன் நிர்வாக அடைவில் ஒன்று. இது டெஸ்க்டொப் எது என்று பார்ப்பதில்லை, தொடக்கிவிட்டது ஐகனா டெர்மினலா என்றும் பார்ப்பதில்லை. புரொக்ஸி வேண்டாம் என்று கட்டளையோடு சேர்த்துக் கொடுத்தாலும் கொள்கைதான் வெல்லும். பயர்பொக்ஸ் கோப்பில் கடைசி வரியில் ஒரு காற்புள்ளி கூடிப்போனால் முழுக் கோப்பும் செல்லாது. அபவுட்:பாலிசீஸ் பக்கத்தில் பார்த்தால் தெரியும்.

கோப்பைப் போட்ட அடுத்த நாள் சேர் பதறிப்போய் அழைத்தார். “தம்பி, குரோம்ல ‘உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ எண்டு வருது. எந்த நிறுவனம்? ஆராவது உள்ளுக்கு வந்திட்டினமோ?”

“நீங்கள்தான் சேர் அந்த நிறுவனம்,” என்றேன். அவருக்குப் பிடித்துப்போயிற்று.

பிறகு தெஹிவளையிலிருந்து ஒரு அம்மா அழைத்தார். வாசிகசாலையில் இரவல் கொடுக்கும் இரண்டு மடிக்கணினிகளில் ஒன்றை மகன் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறான், புரொக்ஸி சேர்வர் இணைப்பை மறுக்கிறது என்று வருகிறதாம், பள்ளிக்கூட வேலை கிடக்கிறதாம். அவற்றுக்கும் அதே கொள்கைக் கோப்பைப் போட்டுப் பூட்டியிருந்தேன். வீட்டில் ஏது 192.168.8.5? அந்த இரண்டுக்கும் மட்டும் பேக் கோப்புக்கு மாற்றினேன். 1996இல் நெட்ஸ்கேப் கொண்டுவந்த பழைய முறை அது: முகவரியைக் கொடுத்தால் எந்த வழியால் போவது என்று சொல்லும் ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட் செயற்கூறு. புரொக்ஸி, அது கிடைக்காவிட்டால் நேராக, என்று ஒரே வரியில் எழுதலாம். வாசிகசாலைக்குள் நேராகப் போகும் வழியை ரவுட்டர் அடைத்திருக்கிறது, வீட்டில் அடைப்பார் இல்லை. அந்த அம்மாவிடம் மடிக்கணினியை ஒருமுறை திருப்பிக் கொண்டுவரச் சொன்னேன். சனிக்கிழமை மகனையே அனுப்பினார். கோப்பை மாற்றிக்கொண்டிருக்கும்போது அவன் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு வரியையும் ஏன் அப்படி எழுதுகிறேன் என்று கேட்டான். பயர்பொக்ஸில் ‘புரொக்ஸி வேண்டாம்’ போட்ட ஆள் யார் என்று அப்போது விளங்கியது.